கண்ணாடியில் எழுதிய விலை

அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் எடிசன் என்று ஓர் ஊர். ஆமாம், பல்பு தந்த அதே தாமஸ் ஆல்வா எடிசன்தான். அவருடைய மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இருந்த இடம் இந்த ஊர் எல்லைக்குள்தான் வருகிறது. ராரிட்டன் என்று இருந்த பெயரை 1954-ல் எடிசன் என்று மாற்றிக்கொண்டார்கள். ஊருக்குள் ஓடுகிற பெரிய சாலைக்கு ரூட் 1 என்று பெயர். அதன் ஓரத்தில் 1948 முதல் 2004 வரை ஃபோர்டு கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்தது. தொழிற்சாலை போய்விட்டது, ஆனால் கார் மட்டும் சாலையை விட்டுப் போகவில்லை. வழியெல்லாம் கார் விற்கும் கடைகள்! கடை என்றால் கூரை போட்ட கடை இல்லை. பெரிய பெரிய மைதானங்கள், அதில் வரிசை வரிசையாகக் கார்கள், மேலே தோரணம் மாதிரி வண்ணக் கொடிகள், வாசலில் காற்றடித்துக் கைகால் உதறி ஆடும் துணிப் பொம்மை. திருவிழாவோ என்று நினைக்கத் தோன்றும். கிட்டே போனால் ஒவ்வொரு காரின் முன் கண்ணாடியிலும் மஞ்சள் பெயின்டில் கொட்டை எழுத்தில் விலை. 12,995. 15,995. 17,995. எல்லாம் 995-லேயே முடிகிறது. நம் ஊர் செருப்புக் கடையின் 99 ரூபாய் 95 பைசா சமுத்திரம் தாண்டிப் போய்விட்டதா, அல்லது அங்கிருந்து இங்கே வந்ததா, தெரியவில்லை!

2024-ம் வருடம் ஏப்ரல் மாதம் அங்கே இருந்தேன். மகளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம். பக்கத்து நெவார்க் நகரத்துப் பூங்கா ஒன்றில் 5,000-க்கு மேற்பட்ட செர்ரி மரங்கள் அந்தச் சமயத்தில் பூத்துக் குலுங்கும், அவசியம் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் பார்த்தது பூ இல்லை, பழைய கார். வார இறுதி ஒவ்வொன்றும் அதற்கே சரியாக இருந்தது.

காரணம் இருந்தது. மாப்பிள்ளைக்கு நியூயார்க்கில் வேலை. காலையில் மெட்ரோபார்க் ஸ்டேஷன் வரை காரில் போய், அங்கே நிறுத்திவிட்டு ரயிலேறுவார். வீட்டில் இருப்பது அந்த ஒரே கார். அவர் போனபிறகு தாயும் பிள்ளையும் வீட்டோடு சிறை. அவர்கள் இருந்த தெருவில் பஸ் கிடையாது. பிள்ளைக்கு ஊசி போடும் நாள் வந்தால் மாப்பிள்ளை லீவு போட வேண்டும். ஒருநாள் நடுப்பகலில் பாப்பாவுக்குக் காய்ச்சல் 102 டிகிரி போய்விட்டது. வாடகைக் காரைக் கூப்பிட்டால் குழந்தை இருக்கையை நாமே எடுத்துப் போய்ப் பொருத்த வேண்டும். என் மகள் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் அந்தக் கனத்த இருக்கையோடு வாசலில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று ராத்திரியே, "இன்னொரு வண்டி வாங்கிடலாம், அத்தை. பழசா இருந்தாலும் பரவாயில்லை" என்றார் மாப்பிள்ளை. இன்னும் ஒரு மாதத்தில் மகளும் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிரசவ விடுப்பில் சம்பளம் குறைந்திருந்த சமயம். வரி, பதிவு எல்லாம் சேர்த்து 19,000 டாலர், அதற்கு மேல் ஒரு காசு கூடாது என்று கணக்குப் போட்டார்கள்.

பேரம் பேச வேண்டும் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் பழகிய வாய் ஆயிற்றே! வந்த ஒரு மாதமாக அதற்கு வேலையே இல்லை. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு என்று இந்தியக் கடைத்தெரு உண்டு. முருங்கைக்காய், வாழைப்பூ, பட்டுப்புடவை என்று கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் கறிவேப்பிலையை எடை போட்டுப் பையில் அடைத்து விலைச்சீட்டு ஒட்டியிருப்பார்கள். கொசுறு என்ற பேச்சே கிடையாது. இந்த ஒரே விலைப் பழக்கத்துக்குப் பெயர்போனவர் ஜான் வானமேக்கர் என்ற வியாபாரி. அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத் தொலைவிலுள்ள ஃபிலடெல்ஃபியாவில் 1861-ல் கடை திறந்தவர். யார் வந்தாலும் சீட்டில் எழுதிய விலைதான், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று வியாபாரம் செய்து பெரிய ஆளானார்.

அப்படிப்பட்ட தேசத்தில் காருக்கு மட்டும் ஏன் பேரம்? குதிரை விற்ற காலத்துப் பழக்கம் என்று சொல்கிறார்கள். பழைய குதிரையைக் கொடுத்துப் புதுக் குதிரை வாங்கும்போது இரண்டுக்கும் விலை பேச வேண்டும் அல்லவா? குதிரை போய்க் கார் வந்தது, பேச்சு அப்படியே நின்றுவிட்டது. நம் பத்திரிகைகள் அரசியலில் எழுதுகிற 'குதிரைப் பேரம்' அங்கே நிஜமாகவே மைதானம் போட்டு நடக்கிறது!

நியூஜெர்ஸியில் ஒரு விசித்திரமான சட்டம். ஞாயிற்றுக்கிழமை கார் விற்கக் கூடாது. 'அடடா, ஒருநாள் வீணாச்சே' என்று நாங்கள் நினைக்கவில்லை. கடையை மூடினாலும் வெளியே நிற்கும் காருக்கு முக்காடு போட முடியாதே! விரட்டிக்கொண்டு வர விற்பனையாள் இல்லாத அந்த ஒருநாள்தான் நிதானமாகப் பார்க்க வசதி. பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மைதானம் மைதானமாக நடந்தோம். மகள் விலையைப் படிக்க, நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன். எந்த வருஷத்து வண்டி, எத்தனை மைல் ஓடியது, என்ன விலை. நாலு மைதானம் பார்த்ததுமே ஒன்று புரிந்தது. ஒரே வருஷம், ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே மைல், ஆனால் விலையில் 2,000 டாலர் வித்தியாசம்! சில வண்டிகளில் விலையே இல்லை. 'உள்ளே வந்து கேளுங்கள்' என்று ஒரு பலூன் மட்டும் கட்டியிருந்தது. அந்த வண்டிகளை நான் நோட்டில் ஏற்றவில்லை.

ஒவ்வொரு காரின் ஜன்னலிலும் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். 'பையர்ஸ் கைடு' என்று தலைப்பு. மைய அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1985 முதல் பெரும்பாலான மாநிலங்களில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாங்கியபிறகு பழுது வந்தால் கடைக்காரர் பொறுப்பா, இல்லையா, பொறுப்பு என்றால் எத்தனை நாளைக்கு, செலவில் எவ்வளவு அவருடையது என்பதைக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். 'ஆஸ் ஈஸ்' என்ற கட்டத்தில் குறி இருந்தால், இருக்கிற கோலத்தில் எடுத்துக்கொள் என்று அர்த்தம். 'வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள்' என்றும், 'உங்கள் மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று கேளுங்கள்' என்றும் அந்தக் காகிதமே சொல்கிறது. சர்க்கார் காகிதத்தில் இவ்வளவு கரிசனமா என்று எனக்கு ஆச்சரியம். இருந்து என்ன, அதில் எல்லாம் இருக்கிறது, விலைக்கு மட்டும் இடம் இல்லை! புதுக் காருக்கு 1958-லேயே சட்டம் வந்துவிட்டது. ஓக்லஹோமா செனட்டர் மன்ரோனி என்பவர் கொண்டுவந்தது. கம்பெனி விலை என்ன, கூடுதல் சாதனங்களுக்கு எவ்வளவு என்று ஜன்னலில் ஒட்டியாக வேண்டும், இன்றும் அந்தச் சீட்டுக்கு மன்ரோனி சீட்டு என்றே பெயர். பழைய காருக்கு மஞ்சள் பெயின்ட்தான்.

அந்த மஞ்சள் பெயின்டுக்கு என்ன மதிப்பு என்பது அடுத்த சனிக்கிழமை தெரிந்தது.

ரூட் 1-ல் ஒரு கடை. நோட்டில் நான் வட்டம் போட்டிருந்த வண்டி. 2018-ம் வருஷத்து ஜப்பான் கம்பெனி வண்டி, 17,995. டை கட்டிய இளைஞர் ஓடி வந்து மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார். ஓட்டப்போவது மகள், கடன் எடுக்கப்போவதும் மகள் பெயரில். அவள் மைலேஜ் கேட்டால் பதில் மாப்பிள்ளைக்கு! அவள் பிரேக் பற்றிக் கேட்டால், "உங்கள் மனைவிக்கு இந்த நிறம் பிடித்திருக்கிறதா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்கிறார். என் மகள் கணக்கு எழுதுகிற உத்தியோகத்தில் இருப்பவள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று மகள் கேட்டதற்கு விலையே சொல்லவில்லை. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு எழுந்து, "மேனேஜரிடம் கேட்டு வருகிறேன்" என்று ஒரு கண்ணாடி அறைக்குள் போனார். வந்தார். மறுபடி போனார். மூன்று தடவை. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று நமக்குக் கேட்காது, தலையாட்டுவது மட்டும் தெரியும்.

எனக்கு மணப்பாறை மாட்டுச் சந்தை ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் தாத்தாவோடு போயிருக்கிறேன். மாட்டுத் தரகர்கள் வாயால் விலை பேசமாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேரம் நடக்கும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. மாட்டுக்காரனுக்கே சில சமயம் விளங்காது என்பார் தாத்தா. "இந்தாடி, இது துண்டு போட்ட வியாபாரம்டி" என்று மகள் காதில் சொன்னேன்.

கடைசியில் இளைஞர் ஒரு தாளோடு வந்தார். 2,000 டாலர் முன்பணம், பிறகு மாதம் 350 டாலர், 72 மாதம். சின்னத் தொகைதானே என்று சிரித்தார். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, ஆனால் பெருக்கல் வரும். 350-ஐ 72-ஆல் பெருக்கினால் 25,200. முன்பணத்தைச் சேர்த்தால் 27,200. கண்ணாடியில் எழுதியது 17,995! "இது எங்கேயிருந்து வந்தது?" என்று மகள் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டாக்குமெண்ட் கட்டணம் 599. கண்ணாடியில் நம்பர் பொறிக்க 299. டயரில் நைட்ரஜன் அடைக்க 149. பெயின்ட் பாதுகாப்பு 895. ஆக 1,942 டாலர் ஏறி, வரிக்கு முன்னாலேயே 19,937. அதன் மேல் மாநில வரி நூற்றுக்கு 6.625. அதற்கும் மேல் வட்டி, கடை மூலமாகக் கடன் என்பதால் நூற்றுக்கு 9. டாக்குமெண்ட் கட்டணம் என்பது காகிதம் எழுதுகிற கூலி. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இதற்கு உச்சவரம்பு உண்டு, நியூஜெர்ஸியில் கிடையாது.

"பெயின்ட் பாதுகாப்பு எங்களுக்கு வேண்டாம்" என்றாள் மகள். "அது ஏற்கெனவே பூசியாகிவிட்டதே!" என்றார் அவர், மாப்பிள்ளையைப் பார்த்து. மாப்பிள்ளை நல்லவர், சங்கோஜி, சரி போகட்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர உதைப்பு. அவர் எழுந்து, "வாங்கப்போறது அவங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டார். பார்க்கிங் வரை அந்த இளைஞர் கூடவே வந்தார். வாசலைத் தாண்டுவதற்குள் 500 டாலர் குறைந்தது. அந்த விஷயத்தில் காந்தி மார்க்கெட்டும் ரூட் 1-ம் ஒன்றுதான்!

பெண்பிள்ளை என்றால் இப்படியா என்று அன்றிரவு நான் புலம்பியபோது, மகள் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். இயான் ஏர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1991-ல் வெளியிட்டது. சிகாகோ நகரப் பகுதியில், ஆண்கள், பெண்கள், வெள்ளையர், கறுப்பர் என்று பலரையும் பழக்கி, எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே வார்த்தைகளைப் பேசிப் புதுக் காருக்குப் பேரம் கேட்கும்படி அனுப்பினார். வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான் மற்றவர்களைவிடக் குறைந்த விலை சொன்னார்கள். பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் கூடுதல். வார்த்தை ஒன்றே, ஆனால் ஆளைப் பார்த்து விலை! பேரமே வேண்டாம், எழுதிய விலைதான் என்று 1993-ல் விர்ஜீனியாவின் ரிச்மண்டில் தொடங்கிய கார்மேக்ஸ் என்ற பழைய கார்க் கம்பெனி பெரிதாக வளர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் பேரம் இல்லாத இடத்தில் விலை கொஞ்சம் கூடவே இருக்கிறது என்று என் நோட்டு சொன்னது. நிம்மதிக்கும் ஒரு விலை போலிருக்கிறது.

மகள் வேறு வழியில் போனாள். முதலில் கிரெடிட் யூனியன் என்கிற கூட்டுறவுச் சங்கத்தில் நூற்றுக்கு 6.5 வட்டியில் கடனைத் தயாராக வாங்கி வைத்துக்கொண்டாள். இனி யாரும் 'மாதம் எவ்வளவு' என்று ஆரம்பிக்க முடியாது. 1926-ல் தொடங்கிய கெல்லி ப்ளூ புக் என்ற விலைப் பட்டியல் இப்போது கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் இலவசம். அதில் விலையைப் பார்த்தாள். பிறகு ஆறு கடைகளுக்கு ஒரே கடிதம். 'வரி, பதிவு, டாக்குமெண்ட் எல்லாம் சேர்த்து, சாவியை என் கையில் தரும்போது நான் தரவேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு?' நாலு பேர் 'நேரில் வாருங்கள், பேசலாம்' என்று எழுதினார்கள். இரண்டே பேர் தொகை எழுதினார்கள். துண்டை எடுத்துவிட்டு விரலைக் காட்டியவர்கள் அந்த இருவர்தான்.

அதில் ஒரு கடை ரூட் 22-ல். அந்தச் சாலை ஒரு வேடிக்கை. யூனியன் என்ற ஊரருகே, போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவே உள்ள திட்டிலேயே கடைகள் கட்டியிருக்கிறார்கள்! இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்க, நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை ஆபீஸுக்கு ரயிலேறும் முன் காரை எங்களிடம் விட்டுவிட்டார். நானும் மகளும் பாப்பாவும் மட்டும் போனோம். கூடவே பாப்பாவின் இருக்கை, ஒரு டார்ச் லைட், என் நோட்டு. அங்கே வந்தது ஐம்பது வயதுப் பெண்மணி. மகளிடம்தான் பேசினார்.

2018-ம் வருஷ வண்டி, 58,000 மைல், கண்ணாடியில் 17,495. கடிதத்தில் எல்லாம் சேர்த்து 19,230. முதல் காரியமாக இருக்கையைப் பின்சீட்டில் பொருத்திப் பார்த்தோம். அந்த மாநிலத்தில் சின்னக் குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பது சட்டம். அப்படி வைக்கும்போது முன்சீட்டை ரொம்ப முன்னால் தள்ளவேண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் சொல்லாத சங்கதி இது. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். வெள்ளத்தில் முழுகிய வண்டிக்குப் பழைய சாக்கு நாற்றம் வரும், இதில் வரவில்லை. வண்டியின் 17 எழுத்து நம்பரை அரசாங்கப் பக்கத்தில் போட்டு, கம்பெனி திரும்ப அழைத்த கோளாறு ஏதும் பாக்கியா என்று மகள் பார்த்தாள். அமெரிக்காவில் டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் காற்றுப்பைகள் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இப்படித் திரும்ப அழைக்கப்பட்டவை. அப்படிப் பாக்கி இருக்கும் பழைய வண்டியை விற்கக் கூடாது என்று மைய அரசுச் சட்டம் எதுவும் கடைக்காரரைத் தடுப்பதில்லை என்பதால் நாமேதான் பார்க்க வேண்டும்.

பிறகு 150 டாலர் கொடுத்து ஒரு பஞ்சாபி மெக்கானிக்கிடம் காட்டினோம். வண்டியைத் தூக்கிவைத்து அரைமணி நேரம் பார்த்தார். "இன்ஜின் பிரமாதம். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டது, பின் பிரேக்கும் தேய்மானம். 780 ஆகும்" என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்து, "மொத்தம் 18,000" என்றாள் மகள். அவ்வளவுதான், பேசவில்லை. அந்த அம்மாளும் பேசவில்லை. எனக்கோ நாக்கு துறுதுறுத்தது! பாப்பா வேறு அழத் தொடங்கியது. நல்ல நேரத்தில்தான் அழுதது என்று இப்போது தோன்றுகிறது. அந்த அம்மாளும் ஒரு தடவை உள்ளே போய்வந்தார். 18,275, எல்லாம் உட்பட, எழுத்தில். அதாவது 955 டாலர் குறைவு. டயரும் பிரேக்கும் மாற்றினால் எங்கள் கணக்குக்கு மேல் 55 டாலர். மகள் என்னைப் பார்த்தாள். "அந்த 55 டாலரை நான் தரேன், முடிடி" என்றேன்.

கையெழுத்து போடும் அறையில் மறுபடி ஒருவர் நீடித்த உத்தரவாதம், டயர் இன்ஷூரன்ஸ் என்று நாலு தாள் நீட்டினார். மகள் ஒவ்வொன்றையும் படித்து நாலையும் திருப்பிக் கொடுத்தாள். அந்த மாநிலத்தில் பழைய காருக்கென்றே 'லெமன் லா' என்று சட்டம் இருக்கிறது. ஏமாற்றுகிற ஓட்டை வண்டிக்கு அங்கே எலுமிச்சம்பழம் என்று பெயர்! கடையில் வாங்கிய, ஏழு மாடல் வருஷத்துக்கு உட்பட்ட, 3,000 டாலருக்குக் குறையாத வண்டி, 24,000 மைலுக்கு மேல் 60,000 மைலுக்குள் ஓடியிருந்தால், 60 நாள் அல்லது 2,000 மைல் வரை முக்கியப் பாகங்களின் பழுதைக் கடைக்காரரே சரிசெய்து தர வேண்டும். எங்கள் வண்டிக்கு அது பொருந்தியது. இந்த எலுமிச்சம்பழ வியாபாரத்தை வைத்து 1970-ல் கட்டுரை எழுதிய ஜார்ஜ் அகெர்லாஃப் என்பவருக்கு 2001-ல் பொருளாதார நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை என்ன ஆகும் என்பதுதான் விஷயமாம். என் தாத்தாவும் இதைச் சொன்னார், பரிசுதான் யாரும் தரவில்லை.

சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலில் வாகன பூஜை. அங்கே ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவு என்று பட்டியல் உண்டு, அதற்குமேல் டாக்குமெண்ட் கட்டணமெல்லாம் கிடையாது. அர்ச்சகர் குங்குமம் இட்டு, கண்ணாடியில் மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட் பொட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பொட்டு வைத்தார். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். "ஏம்மா, இந்த ஊர்ல காருக்குப் போய் லெமனா!" என்று மகள் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பின்னால் பாப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எங்களுக்குப் பின்னால் தன் காரில் வந்தார்.